'அவுட்' என்றால் போயாச்சா, வந்தாச்சா?

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு பெயரளவில்தான் தமிழ் வகுப்பு. டில்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் பாதி நேரம் பேச்சு ஆங்கிலத்தில் போய் நிற்கும், மீதி நேரம் ஹிந்தியில். நானும் அதைத் தடுப்பதில்லை. வருகிற வழியில் வரட்டும் என்று விட்டுவிடுவேன்.

சென்ற மாதம் ஆறாவது படிக்கும் சிறுமி ஒருத்தி கேட்டாள். "தாத்தா, 'தி லாம்ப் இஸ் அவுட்'னா விளக்கு அணைஞ்சு போச்சுன்னு அர்த்தம். 'தி ஸ்டார்ஸ் ஆர் அவுட்'னா நட்சத்திரம் வந்தாச்சுன்னு அர்த்தம். ஒரே வார்த்தை எப்படி ரெண்டையும் சொல்லும்? ஒண்ணு இருட்டு, ஒண்ணு வெளிச்சம்."

முப்பத்தைந்து வருஷம் மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன் நான். ஆங்கிலம் படித்ததும் அங்கேதான். இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஆனால் விடை தெரிந்திருந்தது. அதைச் சொல்லிக்கொடுத்தவள் ஆங்கிலம் படிக்காத என் அம்மா.

1986 ஜனவரி. நல்ல குளிர்காலம். அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து எங்களோடு இருக்க வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ராமகிருஷ்ணபுரத்தில் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். ஒரு விடியற்காலையில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. எதிர்வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அம்மா அந்த இரண்டு நாளும் வராந்தா பெஞ்சை விட்டு நகரவில்லை.

மூன்றாம் நாள் காலை நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்திருக்கிறார். அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது என்று அவருக்குத் தெரியும். ஆகவே நல்ல எண்ணத்தோடு, நிதானமாக, ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார்: "மாதாஜி, ஹி இஸ் அவுட் ஆஃப் டேஞ்சர்."

அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் நம் பேச்சில் கலந்துபோன ஆங்கிலம்தான். பஸ், டிக்கெட், கரண்ட், ஸ்டவ். அதில் 'அவுட்' மிக நன்றாகத் தெரிந்த சொல். சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் நடக்கிற நாட்களில் எங்கள் வீட்டு ரேடியோவில் நாள் முழுவதும் தமிழ் வர்ணனை ஓடும். 'அவுட்' என்றால் ஆட்டம் முடிந்தது, ஆள் போகிறான். தெருவில் யாராவது வயதானவர் காலமானால் வாலிபப் பிள்ளைகள் மரியாதையில்லாமல் "கிழவர் அவுட்" என்பார்கள். அதுவும் அவள் காதில் விழுந்ததுதான். டாக்டர் சொன்னதில் முன்னாலும் பின்னாலும் வந்தது எதுவும் அவளுக்கு எட்டவில்லை. நடுவில் இருந்த அந்த ஒரு சொல் மட்டும் எட்டியது.

நான் மாடி ஏறி வந்தபோது அம்மா சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஒரு கேரளத்து நர்ஸ் பக்கத்தில் நின்று ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அம்மா சொன்னது, "ஊருக்குத் தந்தி அடிச்சுடுடா."

என் கையிலிருந்த மருந்துப் பை கீழே விழுந்தது. உள்ளே ஓடினேன். அப்பா கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். டாக்டர் என்னிடமும் அதே வாக்கியத்தைச் சொன்னார். திரும்பி வந்து, "கண்டம் தாண்டியாச்சும்மா" என்றேன்.

அம்மாவுக்கு முதலில் வந்தது நிம்மதி அல்ல, கோபம். "அப்ப ஏண்டா அவுட்டுன்னான்? போயாச்சா வந்தாச்சான்னு அதைச் சொல்லத் தெரியாதா அவனுக்கு?"

அந்தக் கோபத்தில் ஒரு முழு இலக்கணப் பாடம் இருக்கிறது. அதைத்தான் அந்தச் சிறுமிக்குச் சொன்னேன். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

'அவுட்' என்றால் 'வெளியே'. அடிப்படைப் பொருள் அவ்வளவுதான். ஆனால் வெளியே என்று சொன்னால் ஒரு வாசற்படி இருக்கவேண்டும். படிக்கு உள்ளே நின்று பார்க்கிறவனுக்கு வெளியே போனது காணாமல் போனது. படிக்கு வெளியே நின்று பார்க்கிறவனுக்கு வெளியே வந்தது கண்ணுக்குத் தெரிய வந்தது. ஆங்கிலத்தில் 'இஸ் அவுட்' என்று சொல்லும்போது போகிற வினையும் வருகிற வினையும் விழுந்துவிடுகின்றன. பேசுகிறவன் படிக்கு எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதைக் கேட்கிறவன்தான் ஊகிக்கவேண்டும். விளக்கு வெளிச்சத்துக்குள் நாம் உட்கார்ந்திருக்கிறோம், அது போய்விட்டது. நட்சத்திரங்கள் எங்கோ மறைந்திருந்தன; நாம் இருக்கிற பக்கம் வந்துவிட்டன.

தமிழில் இந்த வினையை விழுங்க முடியாது. 'கரண்ட் வெளியே', 'ரிசல்ட் வெளியே' என்று யாராவது சொல்வார்களா? கரண்ட் போயிடுச்சு. ரிசல்ட் வந்துடுச்சு. போ, வா என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அம்மா கேட்டதும் அதைத்தான்.

ஆகவே பிள்ளைகள் 'அவுட்' என்று எங்கே பார்த்தாலும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். 'தி புக் இஸ் அவுட்': புத்தகம் வந்தாச்சு. நாமும் 'வெளியீடு' என்றுதான் சொல்கிறோம். 'தி ஃபயர் இஸ் அவுட்': நெருப்புப் போயாச்சு. 'தி சீக்ரெட் இஸ் அவுட்': ரகசியம் அம்பலத்துக்கு வந்தாச்சு. அம்பலம் என்பதே பலர் கூடும் பொது இடம்தானே. பியூன் வந்து 'சாஹப் இஸ் அவுட்' என்றால் அதிகாரி போயாச்சு. அன்றைக்கு நம் கோப்பும் போயாச்சு. சிறையிலிருந்து விடுதலையானவனைப் பற்றி 'ஹி இஸ் அவுட்' என்றால்? வீட்டாருக்கு வந்தாச்சு, ஜெயிலருக்குப் போயாச்சு. வகுப்பில் இதற்குப் பிள்ளைகள் நன்றாகச் சிரித்தார்கள்.

இந்தச் சொல்லுக்கு நம் பக்கத்தில் ஓர் உறவும் உண்டு. ஜெர்மன் மொழியில் 'அவுஸ்', டச்சில் 'அவுட்' போலவே ஒலிக்கும் ஒரு சொல், சமஸ்கிருதத்தில் 'உத்': எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது மொழிநூலார் முடிவு. உதயம் என்ற சொல்லின் முன்னால் நிற்பது அந்த 'உத்'தான். சூரியன் உதயமாவதும் 'தி ஸன் இஸ் அவுட்' என்பதும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாதிரி. 'உத்'தோடு 'தர' என்ற ஒப்பீட்டு விகுதி சேர்ந்தால் உத்தர: இன்னும் மேலே, வடக்கே. ஆங்கிலத்தில் 'அவுட்'டின் ஒப்பீட்டு வடிவம் ஒரு காலத்தில் 'அட்டர்' என்று இருந்தது. இன்று அது 'அட்டர் நான்சென்ஸ்' என்பது போன்ற இடங்களில் மிஞ்சியிருக்கிறது. யமுனைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் நம் அன்பர்கள் தங்கள் மாநிலத்தின் பெயரில் பாதி அந்த 'அட்டர்' சொல்லுக்குச் சொந்தம் என்பதை அறிந்து மகிழலாம், அல்லது வருந்தலாம்.

இனி அம்மாவைக் கலங்கவைத்த 'அவுட் ஆஃப்'. இதுதான் கடினமான இடம். 'அவுட்' தனியாக நிற்கும்போது பேசுகிறவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்தால் போதும். 'ஆஃப்' சேர்ந்துவிட்டால், அதற்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல் பள்ளமா பெட்டியா என்று பார்க்கவேண்டும். பள்ளத்திலிருந்து வெளியே வந்தால் கரையேறினோம். 'அவுட் ஆஃப் டேஞ்சர்', 'அவுட் ஆஃப் டெட்', 'அவுட் ஆஃப் ஜெயில்': ஆபத்து நீங்கியது, கடன் தீர்ந்தது, சிறை விட்டது. எல்லாம் நல்ல செய்தி. பெட்டியிலிருந்து வெளியே விழுந்தால் இழந்தோம். 'அவுட் ஆஃப் வொர்க்', 'அவுட் ஆஃப் மணி', 'அவுட் ஆஃப் பிரெத்': வேலை இல்லை, பணம் இல்லை, மூச்சு வாங்குகிறது. ஒரே அமைப்பு, பாதி வரம், பாதி சாபம். 'ஆஃப்' என்ற சிறு சொல்லைத் தாண்டி அடுத்த சொல்வரை காது கொடுக்காவிட்டால் என் அம்மாவுக்கு நேர்ந்தது யாருக்கும் நேரும்.

பள்ளமும் அல்லாமல் பெட்டியும் அல்லாமல் வேறு வகைகளும் உண்டு. 'அவுட் ஆஃப் பிட்டி' என்றால் இரக்கம் போய்விட்டது என்று எழுதினான் ஒரு பையன். நேர்மாறு. இரக்கத்தால், இரக்கம் காரணமாக என்று பொருள். செயல் இரக்கத்திலிருந்து பிறந்தது. 'மேட் அவுட் ஆஃப் வுட்' என்றால் மரத்தால் ஆனது. 'நைன் அவுட் ஆஃப் டென்' என்றால் பத்துக்கு ஒன்பது. தமிழில் இவற்றுக்கு 'இலிருந்து', 'ஆல்', 'கு' என்று வெவ்வேறு வேற்றுமை உருபுகள் வேலை செய்கின்றன. ஆங்கிலத்துக்கு வேற்றுமை உருபு அநேகமாக இல்லை. அதனால்தான் இந்தச் சின்னச் சொற்கள் இத்தனை பாரம் சுமக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு. பின்னால் திருத்தியபோது 'ரன்' என்ற வினைக்கு மட்டும் 645 பொருள் கண்டார்கள். அந்த 'ரன்'னும் நம் 'அவுட்'டும் சேர்ந்தால் கிரிக்கெட்டில் ஒரு விக்கெட். சமையலறையில், 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஷுகர்', சர்க்கரை தீர்ந்துவிட்டது.

நம் அலுவலகங்களுக்கு என்று சில 'அவுட்'கள் உண்டு. நான் வேலை பார்த்த காலத்தில் ஆண்டுதோறும் எழுதும் ரகசியக் குறிப்பில் 'அவுட்ஸ்டாண்டிங்' என்று வந்தால் பதவி உயர்வு நிச்சயம் என்று மனிதர்கள் மிதப்பார்கள். அதே மனிதரின் பண்டிகை முன்பணக் கணக்கிலும் 'அவுட்ஸ்டாண்டிங்' என்று வரும். அது பாக்கி. முதலாமவர் கூட்டத்திலிருந்து வெளியே தனித்து நிற்கிறார். இரண்டாவது, பணம் பெட்டிக்கு வெளியே நிற்கிறது, இன்னும் வந்து சேரவில்லை. வீடு ஒதுக்குவதில் 'அவுட் ஆஃப் டர்ன்' என்ற சொல்லைக் கேட்டாலே வரிசையில் பதினைந்து வருஷம் காத்திருந்தவர்களுக்கு வயிறு எரியும். விளக்கவேண்டிய அவசியம் இல்லை.

'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்பது இந்திய ஆங்கிலம். வெள்ளைக்காரர் காலத்தில் அதிகாரி வேலை பார்க்கும் ஊருக்கு 'ஸ்டேஷன்' என்று பெயர். ஊரில் இல்லை என்பதை இன்றும் நாம் அப்படித்தான் சொல்கிறோம். லண்டனிலோ நியூயார்க்கிலோ சொன்னால் எந்த ரயில் நிலையம் என்று கேட்பார்கள். வெளிநாடு போகும் பிள்ளைகள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 'ஐ பாஸ்டு அவுட் இன் 2019' என்று நாம் எழுதினால் பட்டம் பெற்றேன் என்று பொருள். டேராடூன் ராணுவக் கழகத்தில் பயிற்சி முடிந்தவர்கள் நடத்தும் 'பாஸிங் அவுட்' அணிவகுப்பு நாம் எல்லோரும் அறிந்ததே. அந்த ராணுவ வழக்கு இங்கே கல்லூரிக்கும் பரவிவிட்டது. மற்ற நாடுகளில் சாதாரணமாக அதற்கு மயங்கி விழுந்தேன் என்றுதான் பொருள். வேலைக்கு மனுப்போடும் கடிதத்தில் 'கிராஜுவேட்டட்' என்று எழுதிவிடுவது உத்தமம். அமெரிக்காவில் 'அவுட்ஹவுஸ்' என்றால் தோட்டத்துப் பக்கம் கட்டிய கழிப்பறை. "எங்கள் அவுட்ஹவுஸில் தங்கிக்கொள்ளுங்கள்" என்று யாரையும் அழைத்துவிடாதீர்கள். சிரிக்கவும் வேண்டாம், நம் கிராமத்தில் 'வெளிக்குப் போவது' என்றால் என்ன என்று பாட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தச் சிறுமி விடவில்லை. "தமிழ்ல இப்படிச் சின்ன வார்த்தை கிடையாதா?" என்றாள். ஏன் இல்லை? தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் இடையியல் என்று ஓர் இயலே இதற்காக இருக்கிறது. 'கொன்' என்ற சிறு சொல்லுக்கு அச்சம், பயனின்மை, காலம், பெருமை என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு பொருள் சொல்கிறது. நாம் தினம் நூறு தடவை சொல்லும் 'உம்' என்பதற்கு எட்டுப் பொருள். அதெல்லாம் பழைய கதை என்றால், பேச்சில் கிடக்கும் 'விடு' போதும்.

'ஸோல்டு' என்றால் விற்றார்கள். 'ஸோல்டு அவுட்' என்றால் விற்றுத் தீர்ந்துவிட்டது. 'வோர்ன் அவுட்' என்றால் தேய்ந்துபோய்விட்டது. 'ஹியர் மீ அவுட்' என்றால் நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் கேளு. இங்கே 'அவுட்' வெளியே என்ற பொருளை ஏறக்குறைய மறந்துவிட்டு, காரியம் முழுதாக நடந்தது என்று மட்டும் சொல்கிறது. தமிழில் அதைச் செய்கிறவை விடு, போ, தீர், முடி ஆகிய துணைவினைகள். ஆங்கிலக்காரன் வினைக்குப் பின்னால் 'அவுட்' வைக்கிறான். நாம் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை வைக்கிறோம்.

இதில்தான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். 'ஸோல்டு அவுட்' அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'போனார்', 'போயிருக்கார்', 'போயிட்டார்' மூன்றும் ஒன்றுதானே என்பார்கள். எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டில் நடந்ததை அவன் தாயாரே சொன்னார். சென்னையிலிருந்து அத்தை போன் செய்திருக்கிறார். பையன் எடுத்திருக்கிறான். "தாத்தா இருக்காராடா?" "இல்ல அத்தே, தாத்தா போயிட்டார்." மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு ஓவென்று அழுகை. தாத்தா அப்போது மதர் டெய்ரிக்குப் பால் வாங்கப் போயிருந்தார். அந்தக் குழந்தை பொய் சொல்லவில்லை. இலக்கணப் பிழையும் செய்யவில்லை. 'கடைக்குப் போயிட்டார்' என்றாலாவது தப்பித்திருக்கலாம். 'கடைக்குப் போயிருக்கார்' என்றால் யாருக்கும் நெஞ்சு அடைக்காது. 'இரு' சேர்ந்தால் ஆள் இருக்கிறார், திரும்பி வருவார்.

நம் வீடுகளில் வெளியே கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக்கூடாது, 'போயிட்டு வரேன்' என்று சொல்லவேண்டும் என்று பெரியவர்கள் அதட்டுவது இதனால்தான். சகுனம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். போ மட்டும் சொன்னால் தமிழ்க் காது வா எங்கே என்று தேடுகிறது. அந்தப் பையனுக்கு இதைச் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் யோசித்து, "அப்போ 'பை'ன்னு சொன்னா?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்பா அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். அந்த ஒன்பது வருஷமும் எங்கள் வீட்டில் யாராவது 'அவுட்' என்று வாய் திறந்தால் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும், "போயாச்சா, வந்தாச்சா?" டெலிபோன் 'அவுட் ஆஃப் ஆர்டர்' என்றாலும் சரி, ஊரிலிருந்து வரும் தம்பியின் வண்டி 'அவுட்டரில்' நிற்கிறது என்றாலும் சரி. என் பெண் பன்னிரண்டாம் வகுப்பு எழுதிவிட்டுக் காத்திருந்த மே மாதத்தில் ஒருநாள், அவள் தோழி கீழே தெருவில் நின்றுகொண்டு "ரிசல்ட்ஸ் ஆர் அவுட்!" என்று கத்தினாள். பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்து, அதே கேள்வியை அந்தப் பஞ்சாபிப் பெண்ணிடம் தமிழிலேயே கேட்டாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, "வந்தாச்சு பாட்டி!" என்றாள்.

வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்து பார்க்கச் சில வாக்கியங்கள் தருகிறேன். 'ஷி டர்ன்டு அவுட் டு பி ரைட்.' 'ஐ கான்ட் மேக் அவுட் ஹிஸ் ஹேண்ட்ரைட்டிங்.' 'ஹி டிட் இட் அவுட் ஆஃப் ஃபியர்.' 'தி வார்ம்த் வென்ட் அவுட் ஆஃப் ஹிஸ் வாய்ஸ்.' 'அவுட்' என்ற சொல்லையும் 'வெளியே' என்ற சொல்லையும் பயன்படுத்தாமல் இவற்றைத் தமிழில் எழுதிக்கொண்டு அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வகுப்புக்கு வாருங்கள். கடைசி வாக்கியத்துக்கு எனக்கே இரண்டு விடை தோன்றுகிறது. எது சரி என்று பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்போம்.